அலசித் தீராத கரி

கிராஃபீன் என்றதும் மாணவர்களுக்கு ஒட்டுநாடாக் கதைதான் நினைவுக்கு வரும். மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் கிராஃபைட்டை நாடாவால் ஏடு ஏடாக உரித்து, ஓரணு கனமே உள்ள படலத்தை 2004இல் காட்டினார்கள். தரத்தில் அந்த ஏட்டை மிஞ்சுவது கடினம். ஆனால் மின்தேக்கி செய்ய எங்களுக்குக் கிராம் கணக்கில் வேண்டும். தாமிரத் தகட்டில் மீத்தேனைக் கொண்டு வளர்க்கலாம். அதற்கு 1000 டிகிரி உலை வேண்டும். ஆகவே 1958இல் வெளியான ஹம்மர்ஸ் முறையே எங்களுக்குக் கதி.

கிராஃபைட், அடர் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட். பீக்கரை ஐஸில் வைத்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். சூடு 20 டிகிரியைத் தாண்டக் கூடாது. கலவையில் கரும்பச்சை படரும். அது மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு. 55 டிகிரிக்கு மேல் வெடிக்கக்கூடியது. முதல் வருடம் ஒருமுறை அவசரப்பட்டுக் கரண்டியோடு கொட்டிவிட்டேன். வெப்பமானி ஏறியதைப் பார்த்தபோது கை நடுங்கியது. அன்றிலிருந்து பெர்மாங்கனேட் போடும் நேரத்தில் யாரோடும் பேசுவதில்லை.

35 டிகிரியில் கலவை களி போல இறுகும். தண்ணீர் சேர்த்து, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் பழுப்பு நிறம் ஒரே நொடியில் மஞ்சளாகிவிடும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடிக்காகக் குனிந்து பார்ப்பேன்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை: அலசுவது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு தண்ணீர். அமிலம் போகப் போக ஏடுகள் ஒன்றையொன்று தள்ளி, நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். வடிதாள் அடைத்துக்கொள்ளும், சென்ட்ரிபியூஜில் சுற்றிச் சுற்றித்தான் பிரிக்க வேண்டும். எனக்கு நாலு நாள் பிடிக்கும். இதைச் சுருக்கினால் பொட்டாசியம் உப்பு தங்கி, காய்ந்த தூள் சட்டென்று தீப்பிடிக்கும். மாங்கனீஸ் தங்கினால் அளவீடே பொய்யாகிவிடும். ஒரு மின்முனை அபாரமாக வேலை செய்தது. ஒரு வாரம் மகிழ்ந்திருந்தோம். பிறகு பார்த்தால் அந்தத் திறனில் பெரும்பங்கு மாங்கனீஸுடையது.

இப்படிக் கிடைப்பது கிராஃபீன் ஆக்சைடு. வைட்டமின் சி கொண்டு அதன் ஆக்சிஜனை நீக்கினாலும் ஏட்டில் ஓட்டைகள் மிஞ்சும். ராமன் நிறமாலையில் 1350 செ.மீ⁻¹ பக்கம் எழும் முகடு அதைக் காட்டிக்கொடுக்கும். அதனால் என் புட்டிகளில் கிராஃபீன் என்று எழுத விடுவதில்லை. ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடு என்று முழுப் பெயரும் இருக்க வேண்டும்.

இன்று ஏழாவது அலசல். மேல்நீரில் ஒரு சொட்டு பேரியம் குளோரைடு விட்டேன். வெள்ளையாகக் கலங்கியது, சல்பேட் இன்னும் இருக்கிறது. குழாய்களில் மறுபடி தண்ணீர் நிரப்புகிறேன்.