கலிங்கில் கட்டிய வலை

கெலுகோரில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. வீட்டிலிருந்து கீழே இறங்கினால் 1985-இல் திறந்த பினாங்குப் பாலம். மேலே ஏறினால் மிண்டனில் அறிவியல் பல்கலைக்கழகம், அதன் நடுவே தாசெக் ஹராப்பான் குளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் அதிகமாக வியர்க்க ஆசைப்பட்டால் ஆயர் ஈத்தாம் அணைக்குப் போவோம். கெக் லோக் சி கோவிலைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் சாலை அது. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இன்றும் எனக்கு முன்னால்தான் நடப்பார்.

போன பள்ளி விடுமுறையில் அண்ணன் பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போனோம். சின்னவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அத்தை, இது உடைஞ்சா நம்ம வீட்டுக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டான்.

வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறவள் நான். அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1962-இல் கட்டிய அணை, குடிநீர் வாரியத்தின் கையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிச் சமாளித்தேன். "ஆள் இல்லாத அணை இருக்கா?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி.

பத்தே நாளில் அதற்கும் பதில் கிடைத்தது.

கெடாவில் மலையடிவாரத்தில் ஒரு தனியார் ஓய்வுத்தலம். ஓடையை மறித்து மண்கரை போட்டு, குளம் கட்டி, மீன் விட்டிருந்தார்கள். தூண்டில் போடலாம், படகு மிதிக்கலாம், இரவில் கோழி வாட்டிச் சாப்பிடலாம். கரைக்குக் கீழே, ஓடையை ஒட்டி ஐந்தாறு மரக்குடில்கள். எங்களுக்குக் கிடைத்தது ஓடைக்கு மிக அருகில் இருந்த குடில். படுத்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா மட்டும் கரைமேல் ஏறிப் போய் ஓர் ஓரத்தில் நின்றுவிட்டார். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர். தாத்தா தமிழ்நாட்டில் ஏரிப் பாசனக்காரர். கரை, மதகு, கலிங்கு எல்லாம் அம்மாவுக்கு வீட்டுப் பேச்சு. மதகு, வேண்டும்போது திறந்துவிடுவதற்கு. கலிங்கு, மிஞ்சும் தண்ணீர் தானாகவே வழிந்து போவதற்கு. அந்தக் குளத்தின் கலிங்கில் மீன் தப்பிவிடாமல் இருக்க வலை கட்டியிருந்தார்கள். வலையில் இலையும் மூங்கில் சருகும் அப்பிக் கிடந்தன. கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு முழம்தான் இருக்கும்.

"தம்பி, பெருமழை பெஞ்சா தண்ணி எங்க போவும்?" என்று வேலையாளிடம் கேட்டார் அம்மா.

"வலைய எடுத்தா மீன் எல்லாம் ஓடிடும்லா, ஆன்ட்டி" என்றான் அவன்.

அம்மா என்னிடம் வந்தார். "இங்க படுக்க வேணாம்."

முன்பணம் கட்டியாயிற்று, பிள்ளைகள் அழுவார்கள், வானம் வேறு வெளுத்துக் கிடக்கிறது. நான் கொஞ்சம் தயங்கியது உண்மை. அந்த நேரத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது, பேரிடர்ச் செய்திகளைப் பற்றிய பாடத்தில் கேட்டது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்று ஓர் அணை இருந்தது. கால்வாய்ப் போக்குவரத்துக்காக அரசு கட்டிய மண் அணை அது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை இல்லாமல் போனது. அணை கைமாறிக் கைமாறி, 1879-இல் பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்றிடம் வந்தது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற எஃகு முதலாளிகள் அதில் உறுப்பினர்கள். அணையின் அடியில் தண்ணீரைத் திறந்துவிட இருந்த இரும்புக் குழாய்களை அதற்கு முந்திய உரிமையாளரே பெயர்த்து விற்றுவிட்டார். மன்றம் அவற்றைத் திரும்பப் போடவில்லை. குதிரை வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிவிடாமல் இருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தின் இரும்பாலை ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்த்து, குறைகளை எழுதியே கொடுத்தது. ஆபத்து ஒன்றும் இல்லை என்று மன்றம் பதில் சொல்லிவிட்டது.

1889 மே 31. விடிய விடியப் பெய்த மழை. கம்பித் தடுப்பில் குப்பை அடைத்துக்கொண்டது. தண்ணீர் கரைமேல் ஏறியது. மண் கரைக்குப் பெரிய எதிரி, அதன்மேல் வழியும் தண்ணீர்தான். உச்சியை அரித்து வாய்க்காலாக்கிவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. பிற்பகலில் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 22 கிலோமீட்டர் கீழே இருந்த ஜான்ஸ்டவுனை வெள்ளம் அடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அன்று எச்சரிக்கைத் தந்தி போகாமல் இல்லை. ஆண்டுதோறும் கேட்ட வதந்திதானே என்று பெரும்பாலோர் அசட்டையாக இருந்துவிட்டார்கள்.

அது பெரிய அணை, 22 மீட்டர் உயரம் என்று நீங்கள் சொல்லலாம். அனைத்துலகப் பெரிய அணைகள் ஆணையத்தின் கணக்கில் 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தால்தான் பெரிய அணை. 5 முதல் 15 மீட்டர் என்றால், 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்க வேண்டும். கெடாவில் நாங்கள் பார்த்த குளம் இந்தக் கணக்கின் கிட்டவே வராது. ஆனால் 1977 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் உடைந்த கெல்லி பார்ன்ஸ் அணையும் சிறியதுதான். மின் உற்பத்தி நின்ற பிறகு மீன்பிடிக் குளமாகக் கிடந்தது. நள்ளிரவு தாண்டி உடைந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம். தூக்கத்திலிருந்த 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தனியார் அணைகளையும் ஆய்வு செய்ய அதிபர் கார்ட்டர் உத்தரவிட்டார். அணையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதற்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2021 ஆகஸ்ட் 18-இல் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய 'கெப்பாலா ஆயர்' யான் வட்டாரத்தை என்ன செய்தது என்பது நினைவிருக்கும். அது அணை உடைந்து வந்த வெள்ளம் இல்லை, மலைமேல் கொட்டிய மழை. அப்படிப்பட்ட தண்ணீர் ஒரு வலை கட்டிய கலிங்கை வந்து முட்டினால்?

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கும் ஒரு பழைய பதில் உண்டு. இங்கிலாந்தில் ஒரு ஆலை முதலாளி தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் கசிந்து பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆபத்தானதைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது வெளியேறி இழப்பு உண்டாக்கினால் பதில் சொல்ல வேண்டும் என்று 1868-இல் தீர்ப்பானது. ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் என்ற அந்த வழக்கை நம் நாட்டுச் சட்ட மாணவர்களும் படிக்கிறார்கள். ஆனால் வழக்கு வருவது வெள்ளம் போன பிறகு.

அன்று நாங்கள் ஊர் திரும்பவில்லை. மேட்டில் இருந்த, விசிறி மட்டும் உள்ள பழைய அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. பெரிய மழை இல்லை. ஆனாலும் அம்மா இரண்டு முறை எழுந்து போய்க் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக் கிளம்பினோம்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனதும் ஐந்து நிமிடம் கரையோரம் நடந்து பாருங்கள். கலிங்கு எங்கே, அது திறந்திருக்கிறதா? கரையில் பெரிய மரம் வேர்விட்டிருக்கிறதா, பொந்து இருக்கிறதா, வெடிப்பு தெரிகிறதா? கரையின் அடியில் ஈரம் கசிகிறதா? கசிவு கலங்கலாக வந்தால் மண்ணும் சேர்ந்து கரைகிறது என்று பொருள், அங்கே நிற்காதீர்கள். ஓடைத் தண்ணீர் திடீரென்று நிறம் மாறினாலோ, இலைதழை குவிந்து வந்தாலோ, பொருட்களை எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். பிறகு 999-ஐ அழையுங்கள். தூங்கும் இடம் எப்போதும் மேட்டில் இருக்கட்டும்.

வீடு திரும்பிய மறுநாள் உரிமையாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அமைதியாகக் கேட்டார். அந்த வட்டார நீர்ப்பாசன வடிகால் துறை அலுவலகத்துக்கும் எழுதினேன். மூன்று வாரம் கழித்து உரிமையாளரே அழைத்தார். வலையை எடுத்துவிட்டதாகவும், அடுத்த மழையிலேயே மீன் பாதி போய்விட்டதாகவும் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "மீன்தானே" என்றார்.

டிசம்பரில் அங்கே மறுபடி போகலாமா என்று சின்னவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். போகலாம். முதலில் அம்மா போய்க் கலிங்கைப் பார்த்துவிட்டு வரட்டும்.