ஐந்து தலைமுறைகளும் ஓர் அன்னையும்

தலைமுறை என்னுஞ் சொல் பாட்டனையும் பேரனையும் குறித்து நின்ற காலம் ஒன்றிருந்தது. இன்று அது கைத்தொலைபேசிக்கும் உரியதாயிற்று. பழைய மாணவராகிய எம் நெஞ்சில் இவ்விரு பொருளும் பிரியாது நிற்கின்றன.

முதலாந் தலைமுறைக் கைத்தொலைபேசி 1989இல் கொழும்பில் தோன்றியது. தென்னாசியாவில் அதுவே முதலாவது. அது குரலை அலையாகவே சுமந்தமையால், உரிய கருவியுடையார் எவரும் ஒட்டுக்கேட்டல் கூடும். மறு ஆண்டிலேயே போர் மூண்டு, எம் குடாநாடு மின்சாரத்தையும் தொலைபேசியையும் இழந்தது. குரலை எண்களாக மாற்றி மறைவாய் அனுப்பும் இரண்டாந் தலைமுறை 1995இல் கொழும்பை அடைந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு யாமோ மூட்டை சுமந்து, மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தோம்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே அக்கருவி எம் கைக்கு எட்டியது. நிலத்தொலைபேசி நொடிக்கு 64,000 துணுக்குகளாற் சுமக்கும் குரலை, இரண்டாந் தலைமுறை 13,000 துணுக்குகளுக்குள் ஒடுக்கிவிடும். ஆயினும், ரொறன்ரோவிலிருந்து எம் தம்பி பேசிய முதல் நாளிலேயே அன்னையார், "தடிமன் பிடிச்சிருக்கோ ராசா? மல்லி அவிச்சுக் குடி" என்றார். இயந்திரம் கழித்துவிட்டதைத் தாயின் செவி நிரப்பிக்கொண்டது போலும்!

படமும் இணையமும் விரைந்து செல்லும் மூன்றாந் தலைமுறை 2006 ஓகஸ்டில் கொழும்பில் தொடங்கிற்று. அதே திங்களில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டது. மகன் முகம் காண வேண்டுமென்றிருந்த அன்னையார் 2008இல் காலமானார்.

பேச்சு, படம் யாவற்றையும் தரவுப் பொதிகளாகவே கொண்டுசெல்லும் நான்காந் தலைமுறை 2013இல் இலங்கைக்கு வந்தது. தம்பியின் முகம் உள்ளங்கையளவு கண்ணாடியில் தெளிவாகத் தோன்றியது. அவன், "அண்ணை, அம்மாவின்ரை கதிரையை ஒருக்காக் காட்டுங்கோ" என்றான். காட்டினோம். இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

ஐந்தாந் தலைமுறையோ மறுமொழி வருந் தாமதத்தை நொடியின் ஆயிரத்திற் சில கூறுகளாகக் குறைக்க முயல்கின்றது. புதியது வரப் பழையது விடைபெறுதல் இயல்பே. அவுஸ்திரேலியாவில் மூன்றாந் தலைமுறையை நிறுத்த முற்பட்டபோது, நான்காந் தலைமுறைக் கருவிகளிற் சிலவும் அவசர அழைப்புக்குப் பழையதையே நம்பியிருந்தமை வெளிப்பட்டது. பழையதை அகற்றுமுன், அதனைச் சார்ந்து நிற்போர் எவரெனக் கேட்டறிதல் அறிவுடைமையாகும்.

இளைய மாணவர்காள்! எமக்கு வாய்க்காத விரைவு உங்களுக்கு வாய்த்துள்ளது. தாமதத்தின் பெரும்பகுதி இன்று கம்பியிலும் கோபுரத்திலும் இல்லை; எம்மிடமே உளது. வீட்டில் ஒருவர் காத்திருப்பாராயின், இன்றே பேசுங்கள்.