ஷிஷ்கோவ்: தளபதியின் பெயர் தாங்கிய பேட்டை

பிராக் நகரின் தலைமை ரயில் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போகும் டிராம், முதலில் ஹுசிநெட்ஸ்கா நிறுத்தத்தில் நிற்கிறது. அடுத்தது லிபான்ஸ்கா. ஹுசிநெட்ஸ் என்பது சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் பிறந்த ஊர். லிபானி, அவர் பெயரால் எழுந்த படை 1434-ல் அழிந்த களம். ஒரு போரின் தொடக்கமும் முடிவும் அடுத்தடுத்த இரண்டு டிராம் நிறுத்தங்களாக நிற்கும் இந்தப் பேட்டைக்கு ஷிஷ்கோவ் என்று பெயர். அந்தப் படையை நடத்திய ஒற்றைக்கண் தளபதி யான் ஷிஷ்காவின் பெயரால் வந்தது அது.

உள்ளே நடந்தால் தெருப்பலகைகளிலும் இதே கதைதான். ஹுசிட்ஸ்கா, ப்ரோகோபோவா, தாபோரிட்ஸ்கா, தாஹோவ் சதுக்கம், பாசெல் சதுக்கம் என்று நீள்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஆட்சியில், புதிதாக எழுந்த தொழிலாளர் குடியிருப்புக்கு வைத்த பெயர்கள் இவை. திருச்சபை தீயிலிட்டவரையும் அவர் வழி வந்தவர்களையும் தெருத்தெருவாக எழுதி வைத்ததைத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹுஸ் கேட்டவற்றைப் பட்டியலிட்டால் நீளும். அவர் வழி வந்தவர்களின் அடையாளமாகிப்போனது கிண்ணம். நற்கருணையில் அப்பம் மக்களுக்கு, திராட்சை ரசம் குருவுக்கு மட்டும் என்பது அன்றைய முறை. கிண்ணம் எல்லோருக்கும் வேண்டும் என்றார்கள் இவர்கள். பாதுகாப்பாகப் போய்வர அரசர் சிகிஸ்மண்ட் கொடுத்த உறுதியை நம்பி கான்ஸ்டன்ஸ் நகரப் பொதுச்சங்கத்துக்குப் போன ஹுஸை, 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரித்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, அதே சிகிஸ்மண்ட் பொஹீமியாவின் அரியணைக்கு உரிமை கோரி வந்தார். போப் ஐந்தாம் மார்ட்டின் 1420 மார்ச்சில் ஹுஸ் வழி வந்தவர்கள்மீது சிலுவைப்போர் அறிவித்தார். கோடையில் தலைநகர் பிராக்கைப் பெரும்படை சூழ்ந்துகொண்டது.

மேற்கே ஆற்றுக்கு அப்பால் இருந்த கோட்டை சிகிஸ்மண்டின் கையில் இருந்தது. தெற்கே விஷெஹ்ராட் கோட்டையும் அவருடையதே. நகரத்துக்குள் உணவு வந்துகொண்டிருந்த கிழக்குப் பாதையை அடைத்துவிட்டால் கழுத்தை நெரித்ததுபோல் ஆகிவிடும். அந்தப் பாதைக்கு மேலே நீளமாகக் கிடந்தது வீத்கோவ் என்ற ஒடுங்கிய குன்று. அன்று அதன் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. குன்றின் அருமையை முதலில் கண்டவர் ஷிஷ்கா. அவசர அவசரமாக மரக்கட்டைகளால் இரண்டு சிறு அரண்கள், ஓர் அகழி, கல்லும் மண்ணும் குழைத்த ஒரு சுவர். அவ்வளவுதான் காவல்.

ஜூலை 14 அன்று கிழக்குச் சரிவு வழியாகக் குதிரை வீரர்கள் ஏறினார்கள். சுவரைக் காத்து நின்றவர்கள் இருபத்தாறு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு சிறுமி என்று அக்கால வரலாற்றாளர் லாரன்ஸ் எழுதி வைத்திருக்கிறார். கல்லாலும் ஈட்டியாலும் தடுத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி உடலில் கவசம் இல்லாமலே நின்றாள். பின்வாங்கச் சொன்னபோது மறுத்து, நின்ற இடத்திலேயே செத்தாள். உதவிக்கு விரைந்து வந்த ஷிஷ்காவும் மயிரிழையில் தப்பினார். பிறகு நகர வாசலிலிருந்து நற்கருணையைத் தாங்கிய குரு முன்னே வர, வில்லாளிகளும் கதிரடிக்கும் தடி ஏந்திய குடியானவர்களும் பக்கவாட்டில் பாய்ந்தார்கள். திரும்பி ஓடிய குதிரை வீரர்கள் பலர் வடக்குப் பக்கச் செங்குத்துச் சரிவில் உருண்டு செத்தார்கள்.

மாதக் கடைசியில் சிகிஸ்மண்ட் கோட்டையில் முடிசூடிக்கொண்டார். ஆனால் நகரம் வசப்படவில்லை. சிலுவைப்படை கலைந்தது.

இந்தப் பேட்டையின்மீது எனக்குள்ள அன்பு, இன்னொரு பக்கத்தை மறைக்கச் சொல்லவில்லை. மறு ஆண்டே கிண்ணத்துப் படையினர் கொமூதோவ் ஊரைப் பிடித்து, அங்கிருந்தவர்களைக் கொன்று குவித்தார்கள். லிபானியில் அவர்களை வீழ்த்தியதும் வெளியாரல்ல. கிண்ணத்தை ஏற்ற மிதவாதிகள்தான் கத்தோலிக்கர்களோடு கைகோத்து நின்றார்கள். தோற்ற களத்தின் பெயரையும் தெருவுக்கு வைத்த இந்த ஊரின் நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

இன்று குன்றின் உச்சியில் ஷிஷ்கா ஒன்பது மீட்டர் உயர வெண்கலச் சிலையாகக் குதிரைமேல் இருக்கிறார். சிற்பி போஹுமில் காஃப்காவின் படைப்பு. 1950-ல், போர் நடந்த அதே ஜூலை 14 அன்று திறக்கப்பட்டது. கவசமில்லாமல் நின்றவளின் பெயரை லாரன்ஸ் எழுதவில்லை. பெயர் தெரியாதவளுக்குத் தெருப்பலகை எங்கிருந்து வரும்?

குன்றுக்கு அடியில் நடந்து போவதற்கென்றே ஒரு சுரங்கப்பாதை உண்டு. தாஹோவ் சதுக்கத்தருகே நுழைந்து முந்நூறு மீட்டர் நடந்தால், அந்தக் குதிரைகள் உருண்ட பக்கத்தில், கார்லீன் பேட்டையில் வெளியே வரலாம்.