பதினைந்தாம் கட்டம்

கொழும்பு மாநகரின் தெற்கிலே வெள்ளவத்தை, வடக்கிலே கொட்டாஞ்சேனை. இரண்டும் தமிழர் செறிந்து வாழும் இடங்கள். இங்கே எந்த வீட்டிலும் ஊர்க்கதைக்குக் குறைவில்லை. ஆயினும், பூட்டியின் பெயர் யாதென வினவினால் பலர் மௌனமாவர். முன்னோரைத் தேடி இவ்விரு பகுதிகளுக்குமிடையே ஒரு பயணம் செய்வோமா?

பயணத்துக்கு வேண்டியவை ஒரு பிறிஸ்டல் மட்டையும் வர்ணப் பென்சில்களுமே. மட்டையிலே 15 கட்டங்கள் வரைவோம். முதற் கட்டம் நமக்கு. 2, 3 தந்தை தாயருக்கு. 4 முதல் 7 வரை பாட்டன் பாட்டியருக்கு. 8 முதல் 15 வரை பூட்டன் பூட்டியருக்கு. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவர் தந்தையின் எண். அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். ஐரோப்பாவிலே மைக்கேல் ஐட்சிங்கர் என்பார் 1590ஆம் ஆண்டிலேயே இம்முறையைக் கையாண்டார். தலைமுறைதோறும் முதலெழுத்து மாறும் நம்மவர்க்கு இது மிகப் பொருந்தும்.

இனி நிறங்கள். வாய்மொழியாக மட்டும் அறிந்த பெயருக்கு மஞ்சள். எழுத்துச் சான்று கிடைத்ததும் அதன்மேற் பச்சை. இரு சான்றுகள் முரண்பட்டாற் சிவப்பு. தேடியும் கிடைக்காவிடின் நீலப் புள்ளியும் தேடிய தேதியும். நீலப் புள்ளியை அற்பமென எண்ணற்க. ஒரே அலுவலகத்துக்கு இருமுறை அலையாமற் காப்பது அதுவே.

மஞ்சளுக்கு உரிய இடம் வெள்ளவத்தை. காலி வீதியின் இருமருங்கும் உள்ள தொடர்மாடிகளிலே, பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு வாழும் முதியோர் பலர். அவர்களுடைய பெட்டிகளிலே சாதக ஓலையும், முப்பத்தோராம் நாளிலே வெளியிடப்பெற்ற கல்வெட்டுகளும் இருக்கக்கூடும். அந்நினைவு நூல்களின் வம்சாவழிப் பக்கம் பெருஞ்செல்வம். 1983 ஜூலையில் வீடுகள் எரிந்தபோது இத்தகைய ஏடுகள் எத்தனையோ சாம்பலாயின. எஞ்சியவற்றுக்கு அதனாலேயே மதிப்பு மிகுதி.

வடக்கு நோக்கிச் செல்லும் வழியிலே, கறுவாத்தோட்டத்தில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளையும் பழைய பத்திரிகைகளையும் அங்கே காணலாம். 1930இல் தோன்றிய வீரகேசரியிலும் 1932இல் தோன்றிய தினகரனிலும் வந்த மரண அறிவித்தல்கள் உறவுமுறைகளை நிரலாகக் கூறுவன. பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கிற்று. வீட்டுப் பத்திரம் எரிந்திருப்பினும் அரசாங்கப் பதிவேடு பிழைத்திருந்தால், பிரதேச செயலகத்திலே பிரதி பெறலாம். இவை யாவும் பச்சைக்கு உரியவை.

கொட்டாஞ்சேனையிலே கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் திருமுழுக்கு, விவாகப் பதிவேடுகள் கைகொடுக்கும். அங்கேயே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் உண்டு. தந்தையார் எழுப்பிய அக்கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தார். அக்குடும்பத்தின் நினைவைக் கல் தாங்குகிறது. நம் போன்றோருக்குக் காகிதமே துணை.

பயணம் முடிந்தபின் மட்டையை விரித்தால் ஓர் உண்மை புலனாகும். தந்தைவழி பச்சையாயிருக்கும்; தாய்வழி வெளிறிக் கிடக்கும்; அம்மம்மாவின் தாயாருக்குரிய 15ஆம் கட்டம் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். முதலெழுத்திலே தாய்க்கு இடமில்லை அன்றோ? ஆனால் யாழ்ப்பாணத்தவர்க்கு வேறொரு வாயில் உண்டு. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைப்படி, தாயின் சீதனம் மகளுக்குச் செல்வது மரபு. ஆகவே பழைய சீதன உறுதிகளிலே, வேறெங்கும் காணாத பூட்டியின் பெயரைக் காண்டல் கூடும்.

உறுதியைத் தேடுமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 15ஆம் கட்டத்துக்குரிய பெயர் அம்மம்மாவுக்குத் தன் தாயின் பெயர். அவர் அதை மறப்பாரா? நாம் கேட்கவில்லை, அவ்வளவே. பச்சைக்குரிய ஏடுகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். மஞ்சளுக்குரிய முதியோர் காத்திருப்பரென்பது நிச்சயமில்லை. மாணவ மணிகளே, பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் அருகிலே போய் அமருங்கள்.