தட்டாஞ்சாவடியில் ஒரு தட்டு ரொட்டி

புதுவைக்குச் சென்று வந்தேன் என்றால், கடற்கரையையும் பிரெஞ்சு மாளிகைகளையும் பார்த்தீர்களா என்றுதான் கேட்பீர்கள். உறவினர் உள்ளவர்கள், முல்லா வீதிப் பக்கம் சென்றீர்களா என்று விசாரிப்பீர்கள். நான் போனது தட்டாஞ்சாவடிக்கு. தொழிற்பேட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் உள்ள பகுதி அது. சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் இடமன்று. என் ராத்தாவின் வீடு அங்கேதான் இருக்கிறது.

அவ்வீட்டில் உண்ட ஒரு பண்டத்தைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன். அதற்கு முன் உங்களைச் சற்று ஜப்பானுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது; பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் வேலை நிமித்தம் டோக்கியோவில் இருந்தான். அவனைக் காணச் சென்றபோது, அந்நகரின் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழும் பாக்கியம் கிடைத்தது. 1938இல் தாத்தாரிய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளி அது. பழுதடைந்துவிட்டதால் இடித்து, துருக்கியக் கட்டடக் கலையில் புதிதாகக் கட்டி 2000ஆம் ஆண்டில் திறந்தார்கள். தொழுகை முடிந்து நடந்து வருகையில், பத்துப் பேர் அமரக்கூடிய சிறிய காப்பிக் கடை ஒன்றில் நுழைந்தோம். மகன் பட்டியலைப் படித்துவிட்டு, “பிரெஞ்சு டோஸ்ட் இருக்கிறது வாப்பா” என்றான்.

வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் கலப்பது பல நாடுகளில் வழக்கம் என்பதால் எனக்குத் தயக்கம். கடைக்கார முதியவர் முகம் கோணாமல், முட்டை, பால், சர்க்கரை என்று விரல்விட்டு எண்ணிக் காட்டி, வேறொன்றும் இல்லை எனத் தலையசைத்தார்.

ஜப்பானில் ஒரு ரொட்டியை நான்கு, ஆறு, எட்டு என வெவ்வேறு கனத்தில் துண்டிட்டு விற்கிறார்கள். இந்தப் பண்டத்திற்குக் கனத்த துண்டுதான் பொருத்தம். டோக்கியோவின் ஓக்குரா ஓட்டலில் ரொட்டியை முட்டைப் பாலில் 24 மணி நேரம் ஊறவைப்பது பெயர்பெற்ற செய்தி. எங்கள் முதியவரும் இரவே ஊறவைத்திருந்தார். மெல்லிய தீயில் மூடி வைத்துச் சுட்டார். மேலே பொன்னிறம்; உள்ளே பாலாடை போன்ற மென்மை. முதல் துண்டை வாயிலிட்டதும் என் கண் முன் வந்து நின்றது ராத்தாவின் அடுப்பங்கரை!

மச்சான் வேலை பார்த்த ஆலை மூடப்பட்ட காலம் அது. வீட்டில் நான்கு பிள்ளைகள். பேக்கரியில் முதல் நாள் விற்காத ரொட்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி, முட்டைப் பாலில் தோய்த்து, தோசைக்கல்லில் சுட்டுப் பிள்ளைகளின் பசியாற்றுவார் ராத்தா. ஒரு நாள் நான் சொல்லாமல் போய் நின்றபோது, அந்தத் தட்டை அவசரமாக அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளினார். கடனுக்கு வாங்கிய பிஸ்கட்டை எனக்கு வைத்தார். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். அது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

இம்முறை போனதும் அதையே கேட்டேன்.

“விருந்தாளிக்கு அதையா வைப்பாங்க, தம்பி?”

டோக்கியோவில் கொடுத்த விலையைச் சொன்னேன். “பழைய ரொட்டிக்கா!” என்று வாயில் கை வைத்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயரின் பொருளே ‘வீணாய்ப்போன ரொட்டி’ என்பதுதான் என்றேன். பண்டைய ரோமரும் ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றி உண்டிருக்கிறார்கள். ஐதராபாத்தின் ‘டபுள் கா மீட்டா’வும், நம் திருமணங்களில் பிரியாணியோடு வைக்கும் பிரெட் அல்வாவும் இதன் உறவுக்காரர்களே. வேடிக்கை என்னவென்றால், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊரில் அமர்ந்துகொண்டு நாங்கள் இதைப் ‘பம்பாய் டோஸ்ட்’ என்றே அழைத்துக்கொண்டிருந்தோம்.

பேரன் ஓடிப்போய் ரொட்டி வாங்கி வந்தான். ராத்தா அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது இன்னைக்குச் சுட்டது. பாலில் போட்டாக் கரைஞ்சிடும். ஈரம் வத்தின ரொட்டிதான் பாலைக் குடிச்சும் உடையாம நிக்கும். நாளைக்குத்தான் ஆகும்” என்றார். ஏழ்மையின் அடையாளம் என்று ஒளித்துவைத்த பண்டத்தில் அவர் எத்தனை தேர்ந்தவர் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆகவே இரவு தங்கினேன். சுபுஹு தொழுகைக்குப் பின் தோசைக்கல் காய்ந்தது. முட்டை, பால், சர்க்கரை, தட்டிய ஏலக்காய், சுடுவதற்கு நெய். ஜப்பானியரிடம் ஏலக்காய் இல்லை. அந்த ஒன்றில் ராத்தாவின் கையே மேல் என்பேன்.

தட்டைக் கூடத்துப் பாயின் நடுவில் வைத்த வேளையில் வாசலில் அடுத்த வீட்டுப் பெண்மணி வந்து நின்றார். ராத்தாவின் கை பழக்கத்தில் தட்டின் பக்கம் நீண்டது, பின் நின்றது.

“உள்ளே வாங்க. சூடா இருக்கு, ஒரு துண்டு எடுத்துக்குங்க” என்றார்.