காட்டை முடையும் கொடிகள்

புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், காலாப்பட்டைக் கடந்து கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊரை அடைவர். அங்கே ஐயனார் கோயிலைச் சூழ்ந்து பழங்காடொன்று நிற்கின்றது. சோழமண்டலக் கடற்கரையில் ஒருகாலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. கோயிற்காடு என்று ஊரார் போற்றி வந்தமையால் அது கோடரிக்குத் தப்பியது.

உள்ளே நுழைந்த நம் கண்களை ஈர்த்தவை மரங்களைவிடக் கொடிகளே. காசா மரங்களின் மீதேறி, முறுக்கிய வடங்கள்போல் அவை தொங்குகின்றன. இவ்வகைக் காட்டுக் கொடிகள் பற்றியேறும் முறைகள்தாம் எத்தனை! பிரண்டை பற்றுச்சுருளால் ஏறுகின்றது. மோதிரக்கண்ணி மோதிரம்போல் சுருண்ட கொக்கிகளால் பிடிக்கின்றது. ஆதொண்டைக்கு வளைந்த முள்ளே துணை. செங்காந்தளுக்கோ இலை நுனியே கை.

கொடி மரத்தைக் கொல்லும் என்று எண்ணி, காடு வளர்ப்போர் சிலர் எல்லாக் கொடிகளையும் வெட்டிவிடுகின்றனர். வேறு சிலர் அழகுக்காக மெக்சிகோ நாட்டுக் கொடிரோசாவை நடுகின்றனர். அதுவோ வேலி தாண்டிப் படர்ந்து இளஞ்செடிகளை மூடிவிடுகின்றது. இரண்டும் நன்றன்று. காட்டின் விளிம்பில் படரும் நாட்டுக் கொடிகள் வெங்காற்றைத் தடுத்து உள்ளே ஈரம் காக்கும் திரையாகின்றன. கறுத்த சிறகும் சிவந்த உடலுமுடைய வண்ணத்துப் பூச்சியொன்று இப்பகுதியில் உண்டு. அதன் புழு கருடக்கொடி இனத்தின் இலைகளையே உண்டு வளரும். அக்கொடி அற்றுப்போயின் பூச்சியும் அற்றுப்போம்.

எனினும் காலமறிந்து நடுதல் வேண்டும். 1968-ஆம் ஆண்டு அருகிலுள்ள செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அம்மண் மழையால் அரிக்கப்பட்டு வறண்டு கிடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கு போன்றவை முதலில் நிழல் தந்தன. நாட்டு மரங்கள் அந்நிழலில் எழுந்தன. கொடிகளுக்கும் இம்முறையே பொருந்தும். மரக்கன்று தன் காலில் நின்ற பின்னரே அதனருகில் கொடி வைத்தல் தகும். வலுத்தேறும் சீந்திலை முதிர்ந்த மரத்தருகே விடலாம்; ஆதொண்டையையும் மிளகரணையையும் வேலியோரத்தில் வைக்கலாம்; பிரண்டைக்கு வறண்ட மூலையே போதும்.

குழந்தைகள் நடமாடும் இடங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. குன்றிமணியின் விதையும் செங்காந்தளின் கிழங்கும் உயிரைப் பறிக்கும் நஞ்சுடையன. அவற்றைப் பள்ளி வளாகங்களில் நடாதிருத்தலே நலம்.

மற்றொன்றும் கூறுவோம். கோயிற்காட்டிலிருந்து எச்செடியையும் வேரோடு பெயர்த்தல் ஆகாது. பிரண்டையும் சீந்திலும் தண்டுத் துண்டிலிருந்தே தழைக்கும். ஏனையவற்றை நாற்றுப்பண்ணைகளில் கேட்டுப் பெறலாம். பழங்காட்டைக் குலைத்துப் புதுக்காடு வளர்ப்பதிற் பயனில்லை. நம் முன்னோர் அஞ்சிப் போற்றிக் காத்ததை, நாம் அறிந்து போற்றிப் பெருக்குவோமாக.