இடைப்புள்ளி

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் சாலையில், லோத்குண்டாவில் ஒரு வீட்டு வாசல். காலை ஐந்தரை மணி. முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் மூன்றாவது முறையாகக் கோலத்தை அழிக்கிறார். கணக்கு உதைக்கிறது. இறந்துபோன ஆயாவின் நோட்டில் அவரால் படிக்க முடிந்தது 15, 8 என்ற இரண்டு எண்களை மட்டுமே. நடுவில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் இரண்டிரண்டாகக் குறைத்தால் 13, 11, 9, பிறகு 7. எட்டு எங்கிருந்து வரும்?

எண்களுக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்தான் பூட்டு. வீட்டில் பேசுவது தமிழ். அதிலும் பாதி தெலுங்கு, இடையிடையே 'நக்கோ' என்று தக்கணி உருது. பள்ளியில் படித்தது தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். அம்மாவுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1798ல் நிஜாம் பிரிட்டிஷாருடன் துணைப்படை ஒப்பந்தம் செய்த பிறகு இங்கே முகாமிட்ட மதராஸ் படைகளைத் தொடர்ந்து வந்த தமிழர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. பேச்சு தலைமுறைகளைத் தாண்டி வந்தது. எழுத்து பல வீடுகளில் வழியிலேயே தங்கிவிட்டது.

எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாளைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் விடை கிடைத்திருக்கும். கோலம் அவருக்கு முக்கு, புள்ளி சுக்க, முறை ஒன்றுதான். நோட்டைப் படமெடுத்து வேலூரில் இருக்கும் ஆயாவின் தம்பிக்கு அனுப்பியிருக்கலாம். அவர் அனுப்பவில்லை. கோலங்களுக்கு இடையே ஆயா வேறு என்னென்னவோ எழுதியிருந்தார். அதை வேறு யாரும் முதலில் படிப்பதில் இவருக்கு இஷ்டமில்லை.

ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் வந்தது. ல, ள, ழ பாடாய்ப்படுத்தின (தமிழ்நாட்டிலேயே பலரைப் படுத்துகின்றன). மூன்றாம் மாதம் அந்த வார்த்தை பிடிபட்டது: இடைப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி. வரிசைக்கு ஒன்றுதான் குறையும். 15, 14, 13 என்று எட்டில் வந்து நிற்கும்; மொத்தம் 169 புள்ளிகள். அன்று இழை பிசகாமல் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலத்தைக் கணிப்பொறி இலக்கணமாக ஆராய்ந்த சேதி ஆயாவுக்கு எட்டியிருக்காது.

ஒரு பக்கம் மட்டும் மசியவில்லை. 1961ம் வருஷத் தேதி. புள்ளிகள் இருக்கின்றன, இழை இல்லை. கீழே 'கோலம்' என்பது புரிந்தது. அடுத்த சொல்லின் கடைசி எழுத்து பாடப் புத்தகத்திலேயே கிடையாது. கடைசியில் வேலூருக்குப் போன் போட்டார்.

"தாத்தா, ல எழுத்து மேல யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கு."

"அது லை, கண்ணு. பழைய லை."

1978ல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தம் தும்பிக்கையை எடுத்துவிட்டது. அதற்கு முன்பே எழுதப் பழகிய ஆயா கடைசி வரை விடவில்லை. 'கோலம் இல்லை. பாப்பா போயிட்டா.'

அம்மாவிடம் கேட்டார். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "எனக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சாம்" என்றார். பேர் தெரியாது.

நோட்டின் அடுத்த பக்கம் ஒரு மாதம் தள்ளித் தேதியிட்டிருக்கிறது. அதில் ஐந்து புள்ளியில் சின்னதாக ஒரு கோலம்.